ஷோரூம் விலையும் 34 வருட வாடகைக் கடையும்: வேலூர் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

வேலூரிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை நானே மாற்றியிருக்கிறேன்.

லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் 34 ஆண்டுகளாக நடக்கும் இசைக்கருவிக் கடை. அப்பா ஆர்மோனியம் பழுதுபார்ப்பவராகத் தொடங்கினார். மகனுக்கு இப்போது 53 வயது; கீபோர்டு, கிதார், மிருதங்கம், தபலா, ஜால்ரா என்று கடையை விரித்தவர் அவர். ஆற்காடு, கலவை, ஆரணிப் பக்கத்துக் கூத்து ஜமாக்கள், மார்கழிப் பஜனைக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், கல்யாண பேண்டு செட்டுகள், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஆகியோர் வாடிக்கையாளர்கள். சென்ற ஆண்டு, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இரண்டு கிலோமீட்டருக்குள் ஷோரூம் திறந்தது. தொடக்கநிலை கீபோர்டு ஒன்றை விநியோகஸ்தர் இவருக்கு 9,800 ரூபாய்க்குக் கொடுக்கிறார். ஷோரூமில் அதே கீபோர்டு 9,290 ரூபாய்க்கு விற்கிறது. பெற்றோர் பிள்ளையோடு வந்து ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்து, சந்தேகமெல்லாம் கேட்டு, மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு அங்கே போய் வாங்குகிறார்கள். 17 வருடம் கூடவே இருந்த சர்வீஸ் மாஸ்டரும் அங்கே வேலைக்குப் போய்விட்டார்.

அவருடைய கேள்விகள் நான்கு. அடக்க விலைக்குக் கீழே விற்கும் ஷோரூம் மீது வழக்குப் போடலாமா? ஊரிலுள்ள ஐந்து சிறிய கடைகள் சேர்ந்து ஒரே விலை வைத்து, அந்த விநியோகஸ்தரைப் புறக்கணிக்கத் திட்டமிட்டிருக்கிறோம், அதைப் பத்திரமாக எழுதித் தர முடியுமா? மாஸ்டரைத் தடுக்க வழி உண்டா? ஷோரூமில் வாங்கிய கருவிகளைப் பழுதுபார்க்க மாட்டேன் என்று போர்டு வைக்கலாமா?

இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் இரண்டு வரிகள். கட்டடச் சொந்தக்காரரின் மகன் வாடகையை 14,000 ரூபாயிலிருந்து 30,000 ஆக்கச் சொல்கிறார், இல்லாவிட்டால் பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டுமாம். இரண்டு வாரமாகத் தண்ணீர்க் குழாயை மூடிவைத்திருக்கிறார். இன்னொன்று, கீபோர்டு வாங்குகிறவர்களுக்குச் சினிமாப் பாட்டுகளும் கரோக்கி டிராக்குகளும் நிரப்பிய பென் டிரைவ் ஒன்றை இவர் இலவசமாகத் தருகிறார், "அதனால்தான் சிலராவது என்னிடம் வருகிறார்கள்."

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளை விட, கேட்காமல் விட்ட இரண்டு வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்கிறேன். ஷோரூம் உங்கள் லாபத்தைத்தான் குறைக்கும். வாடகை விவகாரத்தில் கடையே போய்விடலாம்.

கட்டடம்

"34 வருடமாக இருக்கிறோம், ஒரு காகிதமும் எழுதவில்லை, அப்பாவும் அவரும் நண்பர்கள். எங்களை எப்படிக் காலி செய்ய முடியும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், பழைய வாடகைதாரரை எழுப்புவது என்றால் வீட்டுக்காரருக்கு ஒரு தலைமுறை போய்விடும். அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி, இடத்தை மீட்டுத் தரும்படி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் கேட்கலாம். காகிதம் இல்லாதது அவருக்குத் தடை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அது அவருக்கு வசதி. எத்தனை வருடம் வாடகை கொடுத்திருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான்.

அதற்காக அவர் நினைத்த நாளில் பூட்டுப் போட்டுவிட முடியாது. வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அவசிய வசதிகளை நிறுத்துவதை இதே சட்டம் தடை செய்கிறது; வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுத்தால் இடைக்கால உத்தரவு வாங்கலாம். குழாய் மூடியிருப்பதை இன்றைக்கே தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். வாடகையை இனி ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால் அதிகார அமைப்பிடம் செலுத்த வழி இருக்கிறது. "வாடகை பாக்கி" என்ற இன்னொரு காரணத்தை நீங்களாக அவர் கையில் கொடுத்துவிடக் கூடாது.

கட்டடம் உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பஜார் பகுதியில் கோயில், வக்பு, அறக்கட்டளைச் சொத்துகள் கலந்து கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்கு வெளியே வரும், வழியும் வேறாகும். சொந்தக்காரர் என்று நம்பியிருந்தவரின் குடும்பமே ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைதாரராக இருந்துகொண்டு என் கட்சிக்காரருக்கு உள்வாடகை விட்டிருந்ததை, அப்படிப்பட்ட ஒரு வழக்கின் பாதியில்தான் நானே ஒருமுறை கண்டுபிடித்தேன்.

என் யோசனை, சண்டைக்குப் போகாமல் ஒப்பந்தத்துக்குப் போங்கள் என்பதுதான். 30,000 என்பது பேரத்தின் முதல் விலை. ஐந்து வருடம், வருடத்துக்கு இத்தனை சதவீத உயர்வு, இடையில் காலி செய்யச் சொல்வதானால் இத்தனை மாத அவகாசம் என்று நீங்களே ஒரு வரைவை எழுதிக்கொண்டு போங்கள். பல வருடக் குத்தகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் தேவைப்படும், முத்திரைக் கட்டணம் உண்டு. அந்தச் செலவைப் பார்த்துப் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு இறங்கிவிடாதீர்கள். பழுதுபார்க்கும் கடைக்கு முகவரிதான் முதல். ஆர்மோனியத்தைத் துணியில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருகிற ஜமாக்காரர், பழைய சந்தில் ஆளில்லை என்றால் அப்படியே திரும்பிப் போவார்.

அந்தப் பென் டிரைவ்

இதை நாளைக்கே நிறுத்துங்கள். "காசு வாங்கவில்லையே" என்பது வாதமாக நிற்காது. கீபோர்டு விற்பதற்காகத் தருகிறீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது, ஆக அது வியாபாரத்தின் பகுதி. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 63இன்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விடமுடியாத வகையைச் சேர்ந்தது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது. அது உங்கள் மேல் பாயும் என்று மிரட்டவில்லை. திரைத்துறைப் பதிப்புரிமையை இந்த மாநிலம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதற்குச் சொல்கிறேன். கேசட் காலத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறை நாம். நமக்கு இது குற்றமாகவே தோன்றாது. ஆனால் ஷோரூமோடு மோதப்போகிறவர், தன் மேஜை இழுப்பறையில் அவர்களுக்கான புகார் மனுவை வைத்துக்கொண்டு மோதக் கூடாது.

வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்த படைப்புகளுக்குப் பதிப்புரிமை இல்லை. சரளி வரிசையும் தியாகராஜர் கீர்த்தனைகளும் யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் தேவாலய வாடிக்கையாளர்களுக்கு 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இருக்கின்றன. இன்னொருவருடைய ஒலிப்பதிவைத் தொடாமல் நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் அந்தப் பதிவு உங்களுடையது. கீபோர்டை எப்படித் தொடங்குவது என்று உங்கள் குரலில் பத்து நிமிடம் விளக்கமும் சேருங்கள். ஒரு மணி நேரம் நின்று இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதை அதில் போட்டுவிட்டால், உங்களிடம் வாங்கியவருக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

விலை

இப்போது நீங்கள் முதலாவதாகக் கேட்டது. போட்டிச் சட்டம், 2002, போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கத்துக்குக் கீழே விற்பதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் விற்பவர் அந்தச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். கிளைகள் நிறைய இருப்பதாலேயே ஒரு கடை ஆதிக்க நிலைக்கு வந்துவிடாது. வேலூரில் கீபோர்டு வாங்க நினைப்பவர் உங்களிடம் வரலாம், மற்ற நான்கு கடைகளுக்குப் போகலாம், சென்னைக்கு ரயில் ஏறலாம், படுத்துக்கொண்டே கைபேசியில் வாங்கலாம். தொலைபேசிச் சேவையை இலவசமாகக் கொடுத்த ஜியோவுக்கு எதிராக ஏர்டெல் கொண்டுபோன புகாரையே, சந்தைக்குப் புதிதாக வந்தவர் ஆதிக்க நிலையில் இல்லை என்று 2017இல் இந்தியப் போட்டி ஆணையம் முடித்துவைத்தது. உங்கள் புகார் அதைத் தாண்டி நிற்கும் என்று நான் சொன்னால், உங்களிடம் கட்டணம் வாங்குவதற்காகச் சொல்கிறேன் என்று பொருள்.

இன்னொன்று. உங்கள் கொள்முதல் விலையை அவர்களுடைய அடக்க விலை என்று எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் ஜிஎஸ்டியில் காம்பொசிஷன் முறையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். விற்ற மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் வரி கட்டினால் போதும் என்ற வசதி இருக்கிறது, ஆனால் வாங்கும்போது கொடுத்த 18 சதவீத வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 9,800 ரூபாய் வரி சேர்ந்த தொகை என்றால் அதில் வரி மட்டும் ஏறத்தாழ 1,495 ரூபாய். அது அப்படியே உங்கள் அடக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. ஷோரூம் அந்த வரியைக் கழித்துக்கொள்ளும். அவர்களுடைய 9,290 ரூபாயில் வரி போக மிஞ்சுவது 7,873. மொத்தமாக வாங்குகிறவருக்கு அதற்கும் குறைவாகச் சரக்கு கிடைத்தால் அவர்கள் லாபத்தில்தான் விற்கிறார்கள். மொத்தக் கொள்முதலுக்குத் தள்ளுபடி கொடுப்பது குற்றமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை ஆடிட்டருக்குக் கொடுத்து, சாதாரண முறைக்கு மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். கையால் செய்யப்படும் நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு வரிவிலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, உங்கள் மிருதங்கமும் பம்பையும் அதில் எப்படி வருகின்றன என்பதையும் கேளுங்கள்.

உங்கள் கையில் உண்மையிலேயே ஒரு சட்டப்புள்ளி இருக்கிறது, அது விநியோகஸ்தரின் வாட்ஸ்அப் செய்தி. "இந்த விலைக்குக் கீழே விற்றால் சரக்கை நிறுத்துவோம்" என்று உங்களுக்கு எழுதியவர், ஷோரூம் கீழே விற்பதைக் கண்டுகொள்ளவில்லை. வியாபாரி தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவது, சந்தைப் போட்டிக்குக் கணிசமான பாதிப்பை உண்டாக்கினால், அதே சட்டத்தின் பிரிவு 3(4)இன்கீழ் தவறு. டீலர்களின் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசுகிக்கு ஆணையம் 2021இல் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நீங்கள் டெல்லி வரை போக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, "இதற்கு என்ன பொருள், எழுத்தில் விளக்குங்கள்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விலைப்பட்டியலைத் திரும்பப் பேச அதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஐந்து கடைக்காரர்களின் பத்திரம்

இதை எழுதித் தர மாட்டேன். வேறு யாரும் எழுதித் தந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டியாளர்கள் கூடி ஒரே விலை வைப்பதுதான் போட்டிச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் குற்றம். ஷோரூம் தனியாக விலையைக் குறைத்தால் அது வியாபாரம். நீங்கள் ஐவரும் பேசி வைத்து விலையை நிறுத்தினால் அது கார்ட்டெல். அதனால் சந்தைக்குப் பாதிப்பு என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அபராதம் அந்தந்த வருட லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் பத்து சதவீதம் வரை போகலாம். கூட்டாகச் சரக்கை மறுப்பதும் இதே பிரிவில் வரும். மருந்துக் கடைக்காரர் சங்கங்கள் பல இப்படித்தான் ஆணையத்தின் முன் நின்றன. "சிறியவர்கள் நாங்கள்" என்பது கணக்கில்லை. ஐந்து பேர் இருக்கும் அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயரே "விலை ஒற்றுமை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது சிரிப்பும் கவலையும் சேர்ந்தே வந்தன.

விற்கும் விலையை அவரவர் தனியாக வைத்துக்கொண்டு, வாங்குவதை மட்டும் சேர்ந்து வாங்குவது வேறு. ரீடு, துருத்தித் துணி, கிதார் கம்பி, ஸ்டாண்டு, உறை போன்ற சில்லறைச் சரக்கை ஐவரும் சேர்த்து ஆர்டர் கொடுத்து விலை பேசினால் அதில் பெரிய ஆபத்தில்லை. எழுதித் தரச் சொன்னால் அதை எழுதித் தருகிறேன்.

மாஸ்டர்

தடுக்க முடியாது. "வேறு கடைக்குப் போக மாட்டேன்" என்று 2008இல் அவர் எழுதிக் கொடுத்த தாள், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27இன்படி செல்லாது. அவருடைய கருவிப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதைப் பிடித்துவைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். முன்பணமாகக் கொடுத்த 40,000 ரூபாய் தனிக் கடன். கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு, அல்லது அதற்குள் அவர் கையெழுத்தில் "இவ்வளவு பாக்கி" என்று ஒரு வரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். 17 வருடம் கழித்து அவர் போனது சம்பளத்துக்கு மட்டும்தானா? கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஷோரூமில் அவருக்கு வேலை கீபோர்டு பெட்டியைப் பிரிப்பதாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் வேலைக்கு ஒரு கூலி பேசி அழைத்தால் வரக்கூடும். அவருடைய புதிய முதலாளி அனுமதிக்கிறாரா என்று மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

போர்டு

ஷோரூமில் வாங்கியதைப் பழுதுபார்க்க மறுப்பது உங்கள் உரிமை. காசு வாங்காதவரை நுகர்வோர் வழக்கும் வராது. போர்டில் "அங்கே விற்பது மட்டமான சரக்கு" என்று சேர்த்தால் அவதூறு வழக்கு வரும், அந்த வரியை அழித்துவிடுங்கள். உரிமை இருக்கிறது என்பதற்காக மறுக்க வேண்டுமா என்பதுதான் என் சந்தேகம். இதில் நான் வியாபாரி இல்லை, தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் கூத்துப் பாட்டு எவ்வளவு உச்சத்தில் போகும் என்று வட ஆற்காட்டில் பிறந்த எனக்குத் தெரியும். பாடுகிறவரின் கட்டைக்கு, அதாவது சுருதி அளவுக்கு, ஆர்மோனியத்தைச் சேர்த்துத் தருவது, மிருதங்கத்தின் வாரை இழுத்து அந்தச் சுருதிக்குக் கொண்டுவருவது, இதெல்லாம் பெட்டியில் வருவதில்லை. ஷோரூம் விற்கும் ஒவ்வொரு கருவியும் ஒன்றிரண்டு வருடத்தில் யாரிடமாவது பழுதுக்கு வரத்தான் வேண்டும். அந்தக் கூலி மட்டுமே உங்கள் வாடகையைக் கட்டிவிடாது. ஆனால் 9,800க்கு வாங்கி 9,290க்கு விற்பதை விட மேல்.

அப்படி வருகிற கருவிகளுக்கு இரண்டு பிரதி ரசீதுப் புத்தகம் ஒன்று போடுங்கள். மாடல், வரிசை எண், வந்தபோது இருந்த பழுது, மதிப்பிட்ட கூலி, "உத்தரவாதக் காலம் மீதமிருந்தால், திறந்தபின் அது செல்லாமல் போகலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது" என்ற வரி, அதன் கீழே வாடிக்கையாளரின் கையெழுத்து. இந்த வரி இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள்.

வாடகை விஷயத்துக்குப் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். பழைய ரசீதுகள் எத்தனை கிடைத்தாலும் சரி, மின் கட்டண அட்டை, மாநகராட்சி உரிமம், கடை முகவரி உள்ள ஜிஎஸ்டி சான்றிதழ், மூடிய குழாயின் படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உரிமையியல் வழக்கு நடத்தும் ஒருவரைப் பாருங்கள். செலவுக்குத் தயக்கமாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் முதலில் விசாரியுங்கள். ஒப்பந்த வரைவைச் சொந்தக்காரரின் மகனிடம் கொடுக்கப் போகும்போது, முடிந்தால் அவருடைய அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.